அரிப்புக்குக் காரணம் மாத்திரையா, பார்த்தீனியமா?

சென்ற மழைக்காலத்தில் வயல் பார்க்கப் போன இடத்தில் ஒரு விவசாயி கையை நீட்டிக் காட்டினார். முழங்கை மடிப்பும் கழுத்தும் கறுத்துத் தடித்திருந்தன.

"மூணு வருஷமா சாப்பிடுற பிரஷர் மாத்திரைங்க சார். இப்போ ஒத்துக்கலை. ஒரு மாசமா நிறுத்திட்டேன்" என்றார்.

"அரிப்பு குறைஞ்சுதா?"

"இல்லைங்க."

வரப்பு முழுக்கப் பார்த்தீனியம் பூத்து நின்றது.

என்ன நோய் என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர். அவரிடம் சரியான விவரம் சொல்ல, நாம் மூன்றைக் கவனிக்க வேண்டும்.

எப்போது வந்தது?
மருந்து ஒவ்வாமைத் தடிப்பு பெரும்பாலும் புது மருந்து தொடங்கிய 4 முதல் 14 நாட்களுக்குள் வரும். ஆண்டுக்கணக்கில் சாப்பிடும் மாத்திரையால் வருவது குறைவு. வரவே வராது என்பதில்லை.

எங்கே வந்தது?
மருந்துத் தடிப்பு பெரும்பாலும் மார்பு, முதுகில் தொடங்கி இரு பக்கமும் பரவும். பார்த்தீனியத் தூசியோ கண் இமை, கழுத்து, காதின் பின்புறம், முழங்கை மடிப்பில் படிந்து அரிக்கும். சில மாத்திரைகளால் வெயில் படும் இடம் மட்டும் சிவக்கும். வலி மாத்திரை போடும்போதெல்லாம் அதே இடத்தில் வட்டமாகக் கறுத்தால், மருந்தைச் சந்தேகிக்கலாம்.

எப்போது கூடுகிறது?
வயலுக்குப் போனால் கூடி, வெளியூரில் சில நாள் தங்கினால் குறைந்தால், செடியைச் சந்தேகியுங்கள். இரவில் அரிப்பு கூடி, வீட்டில் மற்றவர்களுக்கும் இருந்தால் சிரங்காக இருக்கலாம். வளையமாகப் பரவினால் படர்தாமரையாக இருக்கலாம். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு படர்தாமரையை மறைத்துப் பரப்பிவிடும்.

தாமதிக்கக் கூடாதவை
புது மருந்துக்குப் பின் தடிப்போடு காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, கொப்புளம், தோல் உரிதல், முக வீக்கம், மூச்சுத்திணறல் இவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐ அழையுங்கள். மருந்து அட்டையையும் கொண்டு போங்கள்.

மற்றபடி பிரஷர், சர்க்கரை, காசநோய், வலிப்பு மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரை தொடங்கிய தேதி, அரிப்பு தொடங்கிய தேதி இரண்டையும் எழுதிக்கொண்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

அந்த விவசாயிக்கு ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ரத்த அழுத்தம் மிக அதிகமாக இருந்தது. மருத்துவர் மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் சொன்னார். தோலுக்குத் தனி மருந்து கொடுத்தார்.

பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். ஏற்கெனவே அரிப்பு உள்ளவர் அந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுவதே நல்லது.