அஸ்திவாரமும் நிலத்தின் தாங்குதிறனும்

கட்டடத்தின் வலிமை கல்லிலும் சுண்ணாம்பிலுமே உள்ளதென நினைப்பார் பலர். அவற்றைச் சுமக்கும் மண்ணும் கட்டடத்தின் ஓர் உறுப்பேயாகும். ஒரு சதுர அடி நிலம் பிதுங்கி விலகாது எவ்வளவு பாரத்தைப் பொறுக்குமோ, அதுவே அதன் தாங்குதிறன் எனப்படும்.

கனடா தேசத்து வின்னிப்பெக் நகரையடுத்த டிரான்ஸ்கோனாவில், பத்து லட்சம் புஷல் கொள்ளும் தானியக் களஞ்சியமொன்று 1913-ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பெற்றது. சிறு பரப்பிற் பாரமேற்றி மண்ணை முன்னரே சோதித்திருந்தனர்; மண்ணும் தாங்கிற்று. ஆயினும் அவ்வாண்டு அக்டோபர் 18-ஆம் நாள், தானியம் பெரும்பாலும் நிறைந்த பொழுது, களஞ்சியம் ஒரு மணி நேரத்தில் ஓரடி தாழ்ந்தது. பின்னர் மேற்கே சரியத் தொடங்கி, மறுநாள் ஏறத்தாழ 27 பாகை சாய்ந்து நின்றது. களஞ்சியம் உடையவில்லை, மண்ணே தோற்றது.

காரணம் யாது? பாரத்தின் தாக்கம் அடித்தளத்தின் அகலத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்கு ஆழம் செல்லும். சோதனைப் பாரத்தின் தாக்கம் மேலிருந்த கெட்டியான களிமண்ணளவில் அடங்கிற்று. 77 அடி அகலமுள்ள களஞ்சியத்தின் பாரமோ கீழிருந்த மென்களிமண்ணை எட்டிற்று. பின்னர்ப் பாறைவரை தூண்கள் இறக்கி அதனை நிமிர்த்தினர்.

ஆதலின் இந்நாளைப் பொறியியலார் நிலத்தைத் துளைத்து, ஆழத்து மண்ணை எடுத்து ஆராய்கின்றனர். மண் தாங்கும் எல்லையில் மூன்றிலொரு பங்கே பெரும்பாலும் ஏற்றுகின்றனர். லூக்கா சுவிசேஷத்து உவமையில் நிலைத்த வீட்டைக் கட்டியவன் முதலில் ஆழத் தோண்டினான் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. மேலே கடினமாய்த் தோன்றுவதெல்லாம் பாறையன்று.