மண்ணாலே ஒரு மாடி வீடு

ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் ஒரு பெருமை பேசினான். விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையை விட்டுச் சற்றே விலகினால் மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் வரும். அங்கே பாறையைக் குடைந்து அவன் அமைத்த கோயிலின் கல்வெட்டு, செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுண்ணாம்பும் இன்றி மும்மூர்த்திகளுக்கு ஆலயம் எடுத்த செய்தியைச் சொல்லுகிறது. கட்டடத்துக்கு வேண்டிய சாமான்களின் ஜாபிதாவைக் கையில் வாங்கி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போன அந்த மன்னனின் துணிச்சலை என்னவென்று சொல்வது!

அதே ஜில்லாவில், 1,300 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, மறுபடியும் ஒரு கழித்தல் கணக்கு ஆரம்பமாயிற்று. இம்முறை அரசன் யாரும் இல்லை. சூளை வேண்டாம், விறகு வேண்டாம், சிமெண்டில் பெரும் பகுதி வேண்டாம், இரும்பும் கூடியவரையில் வேண்டாம் என்பதே இந்தப் புதிய ஜாபிதா.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் ஊர் நெருங்குகையில் இடது பக்கம் திரும்பினால் ஆரோவில் என்னும் குடியிருப்பை அடையலாம். 1968 பிப்ரவரி 28ந் தேதி அது தொடங்கப்பெற்றபோது 124 நாடுகளிலிருந்து பிடி மண் கொண்டுவந்து ஒரு தாழியில் இட்டார்கள். அந்தச் சடங்கு நடந்த இடமோ மழைநீர் அரித்து அரித்து ஓடைகளாகப் பிளந்து கிடந்த செம்மண் மேடு. பிற்பாடு லட்சக்கணக்கான மரங்களை வைத்து அந்த மண்ணைப் பிடித்து நிறுத்தினார்கள். 1989ல், மத்திய சர்க்காரின் வீட்டு வசதி ஸ்தாபனமாகிய ஹட்கோவின் ஆதரவுடன், அதே மண்ணைக் கொண்டு வீடு கட்டும் ஆராய்ச்சியும் தொடங்கிற்று. அதை முன்னின்று நடத்தியவர் ஸத்பிரேம் மைனி என்ற பிரெஞ்சுக் கட்டடச் சிற்பி.

முறை என்னவோ எளிதுதான். மேல் மண்ணைத் தொடுவதில்லை. அது பயிருக்கு உரியது என்று தனியே ஒதுக்கி வைக்கிறார்கள். அடி மண்ணைத் தோண்டிச் சலித்து, நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்டு கலந்து, கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துப் பிசறுகிறார்கள். பிறகு அதைக் கையால் இயக்கும் ஓர் இரும்பு யந்திரத்தில் இட்டு, நெம்புகோலைப் பிடித்து அழுத்தினால், விளிம்பு மழுங்காத ஒரு கல் வெளியே வருகிறது. அதை நான்கு வாரம் ஈரம் உலராமல் காப்பாற்ற வேண்டும். இவ்வளவே. நெருப்பு என்ற பேச்சே இல்லை. ஒரு நாட்டுச் செங்கலைச் சுட ஆகும் எரிசக்தியில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும் என்பது அந்நிலையத்தாரின் கணக்கு. மண் எடுத்த பள்ளமும் வீண் போவதில்லை; முன்யோசனையோடு தோண்டினால் மழைநீர் தேங்கும் குளமாகிறது.

"மண் சுவர் மழைக்குக் கரையாதோ?" என்று நேயர்கள் கேட்கக்கூடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குடிசைச் சுவர் சரிந்ததைக் கண்ணால் கண்ட நாட்டிலே இது நியாயமான கேள்வி. நல்ல அஸ்திவாரமும், சுவரை விட்டு நீண்ட இறவாணமும் தந்து கட்டினால் கரையாது என்பதற்கு அங்குள்ள கட்டடங்களே சாட்சி. விகாஸ் என்னும் குடியிருப்பில் நான்கு நிலைக் கட்டடம் ஒன்று மண் கல்லின் பலத்திலேயே நிற்கிறது. அடித்தளம் தோண்டிய மண்ணே அதற்குக் கல்லாயிற்று. 2000ம் ஆண்டில் உலக வீட்டு வசதிப் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் அது இடம் பெற்றது. மண் வீட்டைப் பழைய கௌரவத்துக்கு உயர்த்திய எகிப்தியச் சிற்பி ஹஸன் பத்தியின் பெயரால் ஏழைகளின் கட்டடக் கலைக்கென்று ஒரு விருது உண்டு. அது ஆரோவில் வருகையாளர் நிலையத்துக்கு 1992ல் கிடைத்தது. பத்தி போற்றிய நூபிய வளைவு முறையையும் இங்கே கையாளுகிறார்கள். சாரமும் பலகையும் தாங்காமல், கல்லோடு கல் ஒட்டியே கூரை வளைந்து ஏறுவது பார்க்க வேண்டிய காட்சி. 2004ல் அரேபியாவின் ரியாத் நகரில் திறக்கப்பட்ட ஒரு மசூதியும் இந்த வித்தையில் எழுந்ததுதான். வானூர் தாலுகாவிலிருந்து ரியாதுக்கு ஏற்றுமதியானது கல் அல்ல, கைத்திறன்.

கைத்திறன் என்றதும் அச்சுக்கல்லின் நினைவு வருகிறது. நம் பாட்டனார் காலத்து மெத்தை வீடுகளில், தேக்கு உத்தரங்களுக்கு மேலே சுண்ணாம்புச் சாந்தில் குத்துக் குத்தாக வைத்த மெல்லிய செங்கல்தான் அது. சிமெண்டு தளம் வந்தபின் அதைக் கேட்பார் அருகிவிட்டனர். அனுபமா குண்டு என்னும் கட்டடச் சிற்பி 2000ல் ஆரோவிலில் முடித்த 'சுவர் வீட்டில்' அந்தக் கல்லையே நீண்ட சுவராக நிறுத்தினார். குயவர் வனைந்த மண் கலங்களைக் கூரையில் பதித்தார். 2012ல் வெனிஸ் நகரத்துக் கட்டடக் கலைக் கண்காட்சியில் அவ்வீட்டின் முழு அளவு மாதிரியைக் கட்டுவதற்கு நம் தேசத்துக் கொத்தனார்களே கடல் கடந்து போனார்கள்.

இவ்வளவு இருந்தும் திண்டிவனத்தில் புதிதாக எழும் தெருக்களில் மண் கல் வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். குற்றம் முழுவதும் ஜனங்கள் மேல் அல்ல. ஓலைக் கூரையின் கீழே தீக்கும் மழைக்கும் பயந்து மூன்று தலைமுறை கழித்தவனுக்குக் கான்கிரீட் என்ற சொல்லே அபயம் அளிப்பதாக இருக்கிறது. குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டு சர்க்கார் 2010ல் தொடங்கியபோது கிராமங்கள் மகிழ்ந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. 1936ல் காந்தியடிகள் சேவாகிராமத்தில் மண் குடிலில் குடியேறினார். அவருக்கு அது தாமே தேர்ந்துகொண்ட விரதம். ஏழைக்கு மண் சுவர் தலைவிதி. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு மண்ணின் மகிமையைப் பிறருக்கு உபதேசம் செய்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

ஆகையால் முதலில் கட்ட வேண்டியவர்கள் வசதியுள்ளவர்களே. கட்டட காண்ட்ராக்டர், "வேண்டாம், ஸார்" என்பார். பழகிய கொத்தனார் கிடைப்பதும் அரிது. பெண் பார்க்க வருகிறவர்கள் வாசலில் நின்று சுவரைத் தட்டிப் பார்ப்பார்களே என்று வீட்டிலே ஒரு கவலை எழும். அதற்குப் பரிகாரமாக மண் கல்லின் மேல் சிமெண்டு பூசி, நீல வர்ணம் அடித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். தாராளமாகப் பூசலாம், ஆனால் பூச்சுக்கூலி மிச்சம் என்றுதானே இந்தக் கல்லுக்கு அத்தனை வழவழப்பான முகம் வைத்தார்கள்!