சேப்பாக்கமும் கடைசி வண்டியும்

1987 அக்டோபர் 9. உலகக் கோப்பை கிரிக்கெட்டில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் மோதின. 1 ரன்னில் இந்தியா தோற்றது. வயிற்றெரிச்சலோடு வெளியே வந்தவர்களுக்கு வீடு போய்ச் சேரும் கவலை மட்டும் இல்லை. பகல் ஆட்டம் என்பதால், வழக்கமான பல்லவன் மாநகர பஸ்கள் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. படிக்கட்டில் தொங்கியபடி, உள்ளே இருக்கும் கண்டக்டருக்குச் சில்லறையைக் கைமாற்றி அனுப்பி டிக்கெட் வாங்கலாம். மின்சார ரயில் வேண்டுமென்றால் பார்க் ஸ்டேஷனுக்கு நடையைக் கட்ட வேண்டும்; மைதானத்துக்குப் பக்கத்தில் ஸ்டேஷனே கிடையாது.

எட்டே ஆண்டுகளில் அது மாறியது. 1995 நவம்பரில் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை பறக்கும் ரயில் வந்தது. அடுத்த மார்ச்சில் உலகக் கோப்பைக் கால் இறுதி ஆட்டம் இங்கே விளக்கொளியில் நடந்தது. ஸ்டேஷன் கிடைத்த கையோடு ஆட்டம் இரவுக்குப் போய்விட்டது! வருவதை விடத் திரும்புவதுதான் பெரும்பாடு என்றாகிவிட்டது.

2023 அக்டோபர் 8. அதே உலகக் கோப்பை, அதே இரண்டு அணிகள், அதே மைதானம். இம்முறை ஆட்டம் தொடங்கியதே பிற்பகல் 2 மணிக்கு. கோலியும் ராகுலும் இந்தியாவைக் கரை சேர்த்தார்கள். ஆனால் நான்காவது ரயில் பாதை வேலைக்காகப் பறக்கும் ரயில் அப்போது சிந்தாதிரிப்பேட்டைக்கும் வேளச்சேரிக்கும் இடையேதான் ஓடியது. வட சென்னைக்காரர்களுக்கு மைதானத்தை ஒட்டிய ஸ்டேஷன் இருந்தும் பயனில்லை. கைகொடுத்தது 2019இல் திறந்த அரசினர் தோட்டம் மெட்ரோ. அங்கிருந்து வாலாஜா சாலை வழியாக நடக்கும் தூரம்தான்.

ஐபிஎல் ஆட்டங்களில் இந்த ஏற்பாடு இன்னும் மெருகேறிவிட்டது. ஆட்ட நாளில் மெட்ரோவின் கடைசி வண்டி வழக்கமான 11 மணியைத் தாண்டி ஓடுகிறது. ஆட்ட டிக்கெட்டில் இருக்கும் பார்கோடைக் காட்டினால் மெட்ரோவின் தானியங்கிக் கதவு திறக்கிறது; கவுன்ட்டர் வரிசை இல்லை. 2024இல், ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பிருந்து மாநகர பஸ்களிலும் அதே டிக்கெட் செல்லும் என்றார்கள்.

இந்த ஐபிஎல் ஏற்பாட்டுக்காகப் புதிதாக ஒரு தண்டவாளமும் போடவில்லை. இருக்கிற வண்டியைக் கூடுதல் நேரம் ஓட்டினார்கள், இருக்கிற டிக்கெட்டை ஏற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆட்டம் இல்லாத நாளிலும் மைதானத்துக்குப் பக்கத்துத் திருவல்லிக்கேணி ஓட்டல்கள் சிலவற்றில் இரவு 11 மணிக்கு மேல்தான் கல்லாவை மூடுகிறார்கள். அங்கே மேசை துடைப்பவரும் வீட்டுக்குப் போக வேண்டும். ரசிகருக்காக நள்ளிரவு வரை காத்திருக்கத் தெரிந்த ரயில், அவருக்காகவும் காத்திருக்கலாம்.