எஞ்சினின் தாளச் சங்கிலி

எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கும் பட்டறைகளில் பிஸ்டன், வளையம், பேரிங் ஆகியவற்றின்மேல் செல்லும் கவனம், எஞ்சினின் முன்முகத்தில் ஒரு தகட்டு மூடிக்குள் மறைந்திருக்கும் சங்கிலியின்மேல் பெரும்பாலும் செல்வதில்லை. மொத்தச் செலவில் அதன் விலை சிறு பங்கே. கழற்றிப் பார்த்தால் மிதிவண்டிச் சங்கிலியின் தங்கையைப் போலத் தோன்றும். ஆயினும், அது ஒரு பல் தாவினால் எஞ்சின் வலுவிழந்து திணறும். அறுந்தால் அக்கணமே நின்றுவிடும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி குறைவாக அமைந்த எஞ்சின்களில், திறந்து நிற்கும் வால்வின்மீது மேலேறி வரும் பிஸ்டன் மோதி இரண்டுமே கெடும். வாடகைக்கு ஓடும் வண்டியாயின் ஒரு குடும்பத்தின் வருவாயும் அத்துடன் நின்றுபோகும்.

டைமிங் செயின் எனப்படும் இச்சங்கிலியின் பணி, கிராங்க் தண்டையும் கேம் தண்டையும் ஒரே தாளத்தில் கட்டிவைப்பதாகும். உறிஞ்சல், அமுக்கம், ஆற்றல், வெளியேற்றம் என்னும் நான்கு வீச்சுகள் முடிவதற்குள் கிராங்க் தண்டு இருமுறை சுழல்கிறது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டோ ஒருமுறைதான் சுழல வேண்டும். அதனால் கேம் தண்டின் பல்சக்கரத்தில் இருமடங்கு பற்கள் இருக்கும். நிமிடத்துக்கு 3000 சுற்றுகள் ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் ஒரு நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. அந்த விரைவில் சில பாகை தாமதமும் எஞ்சினின் இழுவையைக் குறைத்துவிடும்.

சங்கிலியைத் தேர்ந்தெடுப்போர் முதலில் அறிய வேண்டுவது அதன் இருவகைக் குலம். சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்டு என்னும் பொறியாளரே இரண்டோடும் தொடர்புடையவர். அவர் 1880ஆம் ஆண்டில் உருளைச் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். 1895இல் ஓசையற்ற சங்கிலியை உருவாக்கினார். உருளைச் சங்கிலியில் ஒவ்வொரு கணுவிலும் ஊசியும், அதைச் சூழ்ந்த குழலும், குழலின்மேல் சுழலும் உருளையும் உண்டு. ஓசையற்ற சங்கிலியோ, பல் வடிவில் வெட்டிய மெல்லிய தகடுகளை நெருக்கமாக அடுக்கிக் கோத்தது. தகடுகள் பல்சக்கரத்தில் அமைதியாகப் படிவதால் இரைச்சல் குறைகிறது.

ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்ப்போம். அமெரிக்காவில் 1955இல் அறிமுகமான செவ்ரோலே நிறுவனத்தின் சிறிய வி-8 எஞ்சின், இன்றும் ஆர்வலர்களால் பிரித்துப் புதுப்பிக்கப்படுகிறது. அதில் கேம் தண்டு கிராங்க் தண்டுக்கு நேர்மேலே, எஞ்சின் உடற்பகுதிக்குள்ளேயே உள்ளது. சங்கிலி குட்டையானது; அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் கிடையாது. ஆகவே சங்கிலி எவ்வளவு தளர்கிறதோ அவ்வளவும் வால்வின் தாமதமாக வெளிப்படும்.

தொழிற்சாலை இதற்குக் கொடுத்தது ஓசையற்ற சங்கிலி. 1960களிலிருந்து அமெரிக்க நிறுவனங்கள் பலவும் இரைச்சலை மேலும் அடக்க, அலுமினியச் சக்கரத்தின்மீது நைலான் பற்களைப் பொருத்தின. புதிதாக இருக்கும்வரை அது இனிய ஏற்பாடே. ஆண்டுகள் செல்லச் செல்ல வெப்பத்தால் நைலான் நொறுங்கும் தன்மை பெறுகிறது. பற்கள் உடைந்து எண்ணெய்த் தொட்டியில் விழுகின்றன. எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைக்கின்றன. சங்கிலி தாவும் முன்னரே பேரிங்குகள் எண்ணெயின்றித் தேய்ந்துபோவதும் உண்டு. புதுப்பிக்கும்போது நைலான் பல்சக்கரத்தை மீண்டும் பூட்டுவது வீண் சிக்கனம் என்பதே என் கருத்து. எஃகு அல்லது வார்ப்பிரும்புப் பல்சக்கரமே தக்கது.

மாற்றாகப் பலரும் நாடுவது இரட்டை உருளைச் சங்கிலி. இரு வரிசையாகச் சுமையைப் பகிர்வதால் அது நெடுநாள் உழைக்கும். இங்கே வாங்குபவர் விழிப்புடன் இருத்தல் வேண்டும். உருளைச் சங்கிலி என்று விற்கப்படும் சிலவற்றில் தனியே சுழலும் உருளையே இராது; குழல் நேரடியாகப் பல்லின்மீது உராயும். விரலால் உருட்டிப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். (கோயம்புத்தூரிலும் சென்னையிலும் சங்கிலி செய்யும் பெரிய ஆலைகள் உள்ளமையால் இந்த நுட்பம் நமக்கு அயலானதன்று.)

பழைய சங்கிலி ‘நீண்டுவிட்டது’ என்று பட்டறைகளில் சொல்வர். உண்மையில் எஃகுத் தகடு இழுபட்டு நீள்வதில்லை. ஊசியும் குழலும் ஒன்றையொன்று தேய்த்துக் கணுக்கள் விலகுகின்றன. கணு ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தேய்ந்தாலும், ஐம்பது கணுக்களில் அது அரை மில்லிமீட்டராகும். நீண்ட சங்கிலி பற்களின் மேற்பகுதியில் ஏறி உட்கார்ந்து அவற்றையும் தன் அளவுக்குத் தேய்க்கிறது. எனவே சங்கிலியை மட்டும் மாற்றிப் பழைய பல்சக்கரங்களை விட்டுவைத்தால் புதிய சங்கிலியும் விரைவில் கெடும். மூன்றையும் ஒரே தொகுதியாக வாங்க வேண்டும்.

கடைக்குச் செல்லும் முன், எஞ்சினுக்கு லைன் போரிங் செய்யப்பட்டதா என்று கேட்டறிவது இன்றியமையாதது. கிராங்க் தண்டைத் தாங்கும் துளைகள் நேர்கோட்டிலிருந்து விலகியிருந்தால், தாங்கு மூடிகளின் அடிப்பகுதியைச் சற்றுச் சீவி, துளைகளை மீண்டும் ஒரே கோட்டில் கடைவார்கள். அப்போது கிராங்க் தண்டு மயிரிழை அளவு மேலேறிக் கேம் தண்டை நெருங்குகிறது. நெருக்கம் 0.010 அங்குலம், அதாவது ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் என்று கொள்வோம். சங்கிலிக்கு இரு பக்கங்கள் இருப்பதால் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளம் மிகையாகிறது. புத்தம் புதிய சங்கிலி முதல் நாளிலேயே தேய்ந்த சங்கிலிபோல் தொய்ந்து கிடப்பதன் காரணம் இதுவே. இத்தகைய எஞ்சின்களுக்கென 0.005, 0.010 அங்குல நெருக்கத்துக்கு ஏற்பக் குறைந்த நீளமுள்ள தொகுதிகள் விற்பனையில் உள்ளன. லைன் போரிங் செய்யாத எஞ்சினுக்கு அவற்றை வாங்கினால் சங்கிலி விறைத்துப் பேரிங்கை நெருக்கும்.

பந்தய எஞ்சின்களுக்கான தொகுதிகளில் கிராங்க் பல்சக்கரத்துக்குப் பல சாவித்தடங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றால் கேம் தண்டைச் சில பாகை முந்தியோ பிந்தியோ அமைக்கலாம். அளவிடும் கருவியும் பயிற்சியும் உள்ளவருக்கு அது வரம். அன்றாடம் சந்தைக்குச் சென்றுவரும் வண்டிக்கு அதற்கெனக் கூடுதல் விலை கொடுப்பதற்குத் தேவையில்லை.

பொருத்தும்போது இரு பல்சக்கரங்களிலும் உள்ள புள்ளிகளை நேருக்கு நேர் நிறுத்துவர். இந்தச் செவ்ரோலே எஞ்சினில் அந்நிலையில் தீப்பொறிக்குக் காத்திருப்பது முதல் சிலிண்டர் அன்று, ஆறாவது சிலிண்டர். இதை அறியாதவர் டிஸ்ட்ரிபியூட்டரை முதல் சிலிண்டருக்கெனப் பொருத்திவிட்டு, எஞ்சின் ஏன் கிளம்பவில்லை என்று திகைப்பர். கிராங்க் தண்டை ஒரு முழுச் சுற்றுச் சுழற்றிய பிறகே முதல் சிலிண்டரின் முறை வரும். ஆனால் அதற்கும் முன்னதாக, சங்கிலியில் எண்ணெய் பூசி, கிராங்க் தண்டைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுழற்றி, புள்ளிகள் மீண்டும் எதிரெதிரே வந்து நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இடையில் எங்கேனும் தடை தட்டுப்பட்டால் வலிந்து திருப்பாமல் அங்கேயே நிறுத்திக் காரணத்தைத் தேட வேண்டும். தகட்டு மூடியைப் பூட்டுவது அதன் பின்னரே.