தேயிலை மலைக்கு வரும் காஷ்மீர்க் குருவி

தோட்டங்களில் தீபாவளி முற்பணப் பேச்சு எழும் ஒக்டோபர் மாதத்தில், ஊவா மலைகளுக்கு ஒரு சின்னஞ்சிறு குருவி வந்து சேர்கிறது. காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்று பெயர். நீளம் 13 சென்டிமீட்டர்தான். வடமேற்கு இமயமலையிலிருந்து ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் பறந்து வரும் இது, மார்ச் முடியும்போது வடக்கே திரும்பிவிடும்.

ஆண் குருவிக்கு முதுகு சாம்பல் நிறம். தொண்டையும் மார்பும் செம்மை. அந்தச் செம்மையின் இரு ஓரமும் கறுப்பு. பெண் மங்கிய பழுப்பு. தாழ்ந்த கிளையில் அமர்ந்து வாலைச் சட்டென்று உயர்த்தும். தரையில் பூச்சி தென்பட்டால் இறங்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி கிளையேறும்.

பறவை ஆர்வலர்கள் இதைத் தேடி நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குப் போகிறார்கள். ஆனால் சுமார் 750 மீட்டருக்கு மேலுள்ள தேயிலை மலைகளும் வீட்டுத் தோட்டங்களும் காட்டோரங்களும் இதற்கு ஏற்ற இடங்களே. கொழுந்து பறிப்பவர்கள் நடக்கும் பாதையோரத்திலேயே இது இரை தேடக்கூடும்.

இந்த இனம் அருகி வருகிறது. இமயமலையில் இது மரப்பொந்துகளில் முட்டையிடுகிறது. அந்தக் காடுகள் மரத்துக்காக வெட்டப்பட்டும், விளைநிலமாகவும் மேய்ச்சல் நிலமாகவும் மாறியும் சுருங்கிவிட்டன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

இது வந்து சேரும் தேதியைக் குறித்து வைப்பது ஏன் முக்கியம்? இதன் ஐரோப்பிய உறவினமான கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பான் மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. அது குஞ்சு பொரிக்கும் நெதர்லாந்தில் வசந்தம் முந்தியதால், குஞ்சுகளுக்கு ஊட்டும் கம்பளிப்புழுக்களும் முன்னதாகவே பெருகி ஓய்ந்தன. பறவைகளோ அந்த அளவுக்கு முந்திக்கொள்ளவில்லை. புழுக்கள் மிக முன்னதாகப் பெருகிய காடுகளில், இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பறவைகளின் எண்ணிக்கை சுமார் 90 சதவீதம் சரிந்ததாக 2006இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆண்டுதோறும் தேதிகளைக் குறித்து வைத்திருந்ததால்தான் காரணம் பிடிபட்டது.

நம் குருவிக்கும் அப்படியொரு கணக்கு வேண்டும். ஹப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடைப் பாடசாலைகளின் பிள்ளைகள், முதலில் கண்ட நாள், கடைசியாகக் கண்ட நாள், இடம் என மூன்றையும் ஆண்டுதோறும் எழுதி வைக்கலாம். காணாத ஆண்டையும் எழுத வேண்டும். அந்தக் குறிப்புகளை 1976இல் தொடங்கிய இலங்கைக் களப் பறவையியல் குழுவுக்கு அனுப்பலாம். பறவைப் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்ட் இணையதளத்திலும் பதியலாம்.

காஷ்மீரில் மரம் வெட்டுவதை நம்மால் நிறுத்த முடியாது. தோட்டத்து நிழல் மரங்களையும் ஓடைக்கரைப் புதர்களையும் காக்க நம்மால் முடியும். ஆண்டில் ஏறக்குறைய பாதியை இந்தக் குருவி நம் மலைநாட்டில்தான் கழிக்கிறது. அந்தப் பாதிக்கு நாமே பொறுப்பு.