கடிகாரம் அறியாத உறக்கம்

லண்டனில் வளரும் பேரக்குழந்தையுடன் காணொலி அழைப்பில் பேசிப் பழகிய தாத்தா பாட்டிகளுக்கு ஓர் அனுபவம் உண்டு. குளிர்காலம் முழுவதும் நம் நேரப்படி பிற்பகல் 12.30 மணிக்கு வந்துகொண்டிருந்த அழைப்பு, மார்ச் மாதக் கடைசி ஞாயிறு முதல் 11.30 மணிக்கே வந்துவிடும். அங்கே அப்போதும் காலை 7 மணிதான். ஆனால், திரையில் தெரியும் குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு, பாலைத் தள்ளிவிட்டு, தாயின் தோளில் சாய்ந்து சிணுங்கும். 'பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?' என்று பாட்டி பதறுவார். உடம்புக்கு ஒன்றுமில்லை. நாட்டின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே சென்றுவிட்டது. குழந்தையின் உடல் இன்னும் பழைய நேரத்திலேயே இருக்கிறது.

பிரிட்டனில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு அதிகாலை 1 மணி, ஒரே தாவலில் 2 மணியாகிறது. அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு 2 மணி, மீண்டும் 1 மணியாகிறது. அமெரிக்காவின் பெரும்பகுதியில் இந்த மாற்றம் மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் நிகழ்கிறது. பெரியவர்கள் ஒரு குவளை காபியுடன் இதைக் கடந்துவிடுகின்றனர். மழலைகளால் அது இயல்வதில்லை.

கோடைகால நேரத்துக்காக வாதாடிய முன்னோடி, வில்லியம் வில்லெட் என்னும் ஆங்கிலேயக் கட்டுமானத் தொழிலதிபர். பகலொளி வீணாவதைப் பற்றி அவர் 1907-இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அவர் ஒரே இரவில் ஒரு மணி நேரத்தைப் பறிக்கச் சொல்லவில்லை. ஏப்ரல் மாதத்தின் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில், வாரத்துக்கு 20 நிமிடங்களாகக் கடிகாரத்தை நகர்த்த வேண்டும். செப்டம்பரில் அவ்வாறே படிப்படியாகத் திருப்ப வேண்டும் என்பதே அவருடைய யோசனை. அவர் 1915-இல் மறைந்தார். மறு ஆண்டு முதல் உலகப் போரின் நடுவே ஜெர்மனியும் அதைத் தொடர்ந்து பிரிட்டனும் கோடைகால நேரத்தை ஏற்றபோது, அது ஒரே தாவலாகவே அமைந்தது. சட்டம் ஏற்காத அந்தப் படிப்படியான முறைதான், இன்று குழந்தைகள் உள்ள வீடுகளுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது.

ஏன் படிப்படியாக? மூளையின் அடிப்பகுதியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, நரம்பணுக்களின் சிறு தொகுதி ஒன்று இருக்கிறது. உறக்கம், உடல் வெப்பம், பசி ஆகியவற்றின் அன்றாட ஒழுங்கை வழிநடத்தும் உடல் கடிகாரம் அதுவே. அதைத் திருத்தி அமைக்கும் முதன்மையான விசை, கண்ணில் விழும் ஒளி. இருள் சூழும்போது மெலட்டோனின் என்னும் சுரப்பு பெருகி உறக்கத்துக்கு வழிவிடுகிறது. வெளிச்சம் அதைத் தடுக்கிறது. காலை வெளிச்சம் உடல் கடிகாரத்தை முன்னே தள்ளும். மாலை வெளிச்சம் பின்னே இழுக்கும். இந்த நகர்வு நாளுக்குச் சிறிதளவே நிகழக்கூடியது.

குழந்தைகளின் கண்மணி பெரிதாகத் திறக்கிறது. விழி வில்லையும் தெளிவானது. ஆகவே, இரவு வெளிச்சம் அவர்களைப் பெரியவர்களைக் காட்டிலும் கூடுதலாகப் பாதிக்கிறது. நேர மாற்றத்துக்கு மறுநாள் லண்டனில் சூரியன் மறைவது மாலை 7.30 மணி வாக்கில். அதாவது, குழந்தையைப் படுக்க வைக்கும் அதே வேளையில் சாளரத்தில் வெயில் நிற்கிறது. அந்த நேரத்தில் உறங்க மறுக்கும் குழந்தை அடம் பிடிக்கவில்லை. தன் உடல் சொல்வதைக் கேட்கிறது.

வழக்கமாக 7.30 மணிக்கு உறங்கும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். வசந்தகால மாற்றத்துக்கு முந்தைய புதன்கிழமை 7.15, வியாழன் 7, வெள்ளி 6.45, சனி 6.30 எனப் படுக்கை நேரத்தை நாளுக்குக் கால் மணி நேரம் முன்னே கொண்டுவர வேண்டும். ஞாயிறன்று புதிய கடிகாரம் 7.30 காட்டும்போது, குழந்தையின் உடலும் ஏறத்தாழ அங்கே வந்து சேர்ந்திருக்கும். படுக்கை நேரத்தை மட்டும் நகர்த்தினால் போதாது. காலை விழிப்பு, உணவு, குளியல், பகல் உறக்கம் ஆகிய அனைத்தும் அதே அளவு நகர வேண்டும். விழித்தவுடன் திரைச்சீலைகளைத் திறந்து, இயன்றால் குழந்தையைச் சிறிது நேரம் வெளியே அழைத்துச் செல்வது நல்லது. மாலையில் விளக்குகளைத் தணித்து, கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் ஒதுக்கி, அடர்த்தியான திரைச்சீலையால் அறையை இருட்டாக்க வேண்டும்.

முன்கூட்டியே செய்யத் தவறியவர்கள் கலங்க வேண்டியதில்லை. ஞாயிறு இரவு புதிய நேரப்படி 8.30 மணிக்குப் படுக்க வைத்து, அடுத்த நான்கு நாள்களில் கால் மணி நேரமாகக் குறைத்துக்கொண்டு வந்தால், வியாழக்கிழமை 7.30 மணியை எட்டிவிடலாம். அதற்கும் காலை வெளிச்சமே பெருந்துணை.

இலையுதிர்காலத்தில் சிக்கல் தலைகீழாகிறது. காலை 6 மணிக்கு விழித்த குழந்தை இப்போது 5 மணிக்கே விழித்துக்கொள்ளும். ஆகவே, முந்தைய புதன்கிழமை தொடங்கிப் படுக்கை நேரத்தைக் கால் மணி நேரமாகப் பின்னே தள்ளிச் சனிக்கிழமை 8.30 மணிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பிற்பகலில் வெளியே விளையாட விடுவதும் உதவும். அதிகாலையில் விழித்துவிட்டால், விளக்கைப் போட்டுப் பாலும் பொம்மையும் தந்து நாளைத் தொடங்கிவிடக் கூடாது. இருட்டிலேயே மெல்லத் தட்டிக்கொடுத்து, எழும் நேரத்தைச் சிறிது சிறிதாகத் தள்ளிப்போட வேண்டும். 5 மணிக்குக் கிடைக்கும் வெளிச்சமும் உணவும், மறுநாளும் 5 மணிக்கே விழிக்கும் பழக்கத்தை உறுதிப்படுத்திவிடும்.

இரு பருவத்துக்கும் பொதுவானது, உறங்குமுன் நிகழ்பவற்றின் வரிசை. குளியல், பால், பல் துலக்கல், கதை, தாலாட்டு என எந்த வரிசை பழகியிருக்கிறதோ அது மாறக் கூடாது. மணி பார்க்கத் தெரியாத குழந்தைக்கு இந்த வரிசையே கடிகாரம். பகல் உறக்கத்தைத் தடுத்தால் இரவில் நன்றாக உறங்கும் என்பது தவறான கணக்கு. அளவுக்கு மீறிக் களைத்த குழந்தை உறங்கத் திணறும். இடையிடையே விழித்து அழும். பிறந்து சில மாதங்களே ஆன சிசுவுக்கு இரவு பகல் ஒழுங்கே முழுமையாக உருவாகியிராது. அதற்கு இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை. பசித்தபோது பாலும் களைத்தபோது உறக்கமும் போதும்.

மெலட்டோனின் மாத்திரை அமெரிக்கக் கடைகளில் மருத்துவர் சீட்டின்றிக் கிடைக்கிறது. பிரிட்டனில் மருத்துவர் பரிந்துரை தேவை. எங்கே கிடைத்தாலும், மருத்துவரைக் கேளாமல் அதைக் குழந்தைக்குத் தருவது முறையன்று. பெரும்பாலான குழந்தைகள் ஒரு வாரத்தில் தாமாகவே சீராகிவிடுவர். பல வாரங்கள் நீடிக்கும் உறக்கக் கோளாறு, வழக்கமான குறட்டை, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகியவற்றுக்குக் கடிகாரம் காரணமாகாது. அவற்றுக்கு மருத்துவரை நாட வேண்டும்.

ஒரு மணி நேரத்துக்கு இத்தனை ஏற்பாடா என்று தோன்றலாம். 1 முதல் 2 வயது வரை பகல் உறக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரமும், 3 முதல் 5 வயது வரை 10 முதல் 13 மணி நேரமும் உறக்கம் தேவை என்பது அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தின் 2016-ஆம் ஆண்டுப் பரிந்துரை. உறக்கம் குறைந்தால் பெரியவர்கள் சோர்ந்து போகின்றனர். குழந்தைகளோ பெரும்பாலும் பரபரப்பும் எரிச்சலும் கொள்கின்றனர். அதைக் குறும்பு என்று தவறாகப் புரிந்துகொள்ளும் வீட்டில் அந்த வாரம் அதட்டலும் அழுகையுமாகக் கழிகிறது. தன் தவறு என்னவென்று தெரியாமலேயே குழந்தை திட்டு வாங்குகிறது.

கடிகாரத்தை ஆண்டுக்கு இருமுறை அசைப்பதை நிறுத்த வேண்டும் என்னும் குரல் வலுத்து வருகிறது. 2021-இல் இதைக் கைவிடலாம் என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019-இல் வாக்களித்தும், உறுப்பு நாடுகளிடையே உடன்பாடு ஏற்படாமல் அது நடைமுறைக்கு வரவில்லை. ஆண்டு முழுவதும் இயல்பான நேரமே நீடிக்க வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2020-இல் வலியுறுத்தியது. ஆண்டு முழுவதும் கோடைகால நேரம் என்ற சோதனையை 1974 ஜனவரியில் தொடங்கிய அமெரிக்கா, குழந்தைகள் இருட்டில் பள்ளிக்குச் செல்ல நேர்ந்ததால் எழுந்த எதிர்ப்பில் அதே ஆண்டு பின்வாங்கியது.

அரசுகள் முடிவெடுக்கும் வரை குழந்தைகள் காத்திருக்க இயலாது. வில்லெட் கேட்ட அந்த 20 நிமிட நிதானத்தை வீடுகளேனும் கடைப்பிடிக்கலாம். இங்கிருந்து அழைக்கும் பாட்டியும் அந்த ஒரு வாரம், 'ஏன் அழுகிறாய்?' என்று கேட்பதை விடுத்து, 'இன்னும் கொஞ்சம் தூங்கட்டும், பிறகு பேசுகிறேன்' என்று சொல்லலாம்.