பாட்டு இருக்கிறது, பெயரைக் காணோம்

என் தாய்மாமா கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதினார். வீட்டில் அவருக்கென்று ஒரு நீள நோட்டு உண்டு. சாயங்காலம் இலங்கை வானொலி வைத்ததும் நோட்டை மடியில் விரித்துக்கொள்வார். அறிவிப்பாளர் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று சொல்லச் சொல்ல, கோடு போட்ட பத்திகளில் எழுதிக்கொண்டே வருவார். கடைசிப் பத்திக்கு ‘வாத்தியம்’ என்று தலைப்பு. அந்த விவரத்தை வானொலியில் அநேகமாகச் சொல்லமாட்டார்கள். ஆகவே அந்தப் பத்தி முழுக்க ‘ஃபுளூட் – ?’, ‘அக்கார்டியன் – ?’ என்று கேள்விக்குறிகள்தான்.

மாமா காலமாகிவிட்டார். நோட்டு என்னிடம் இருக்கிறது. அதில் உள்ள பாட்டுகளில் பெரும்பாலானவை இன்று கைபேசியில் கிடைக்கின்றன. ஒரு பாட்டை மறுபடி கேட்க அவர் மாதக்கணக்கில் காத்திருப்பார். எனக்கு அரை நிமிடம் ஆகிறது. ஆனால் அவர் போட்ட பத்திகளை நான் இன்று புதிதாக நிரப்ப உட்கார்ந்தால், அந்தக் கைபேசியை வைத்துக்கொண்டு பாதிகூட நிரப்ப முடியவில்லை. திரையிசையை நேசிக்கிறவர்களுக்கு இது போன்ற நல்ல காலமும் வந்ததில்லை. இவ்வளவு தவிப்பும் இருந்ததில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. பாட்டு உறையிலிருந்து கழன்று தனியாகப் பறக்கிறது.

உறை என்று நான் சொல்வது இசைத்தட்டின் அட்டை, கேசட்டுக்குள் மடித்து வைத்த தாள், அதற்கும் முன்னால் தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம். மட்டமான தாளில் கதைச் சுருக்கம் போட்டு, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லி முடித்துவிட்டு, அடுத்த பக்கத்திலிருந்து பாடல்களை அச்சிட்டிருப்பார்கள். அந்தத் தாள்களில் எழுத்துப் பிழை இருக்கும். எழுதியவர் யார் என்கிற விவரமும் பெரும்பாலும் இருக்கும். இன்றைய செயலியில் ‘கலைஞர்’ என்று ஒரே ஒரு வரி. அதில் இசையமைப்பாளர் வருவார், பாடகர்கள் வருவார்கள். பாடலாசிரியரைத் தேட இன்னும் இரண்டு இடத்தில் தட்ட வேண்டும். தட்டினாலும் பல பழைய பாட்டுகளுக்கு அங்கே ஒன்றும் இருக்காது, அல்லது தப்பான பெயர் இருக்கும்.

தப்பு எப்படி நுழைகிறது? பழைய படங்களின் டைட்டில் கார்டில் ‘பாடல்கள்’ என்று போட்டு நான்கைந்து பேரை ஒன்றாகக் காட்டிவிடுவார்கள். எந்தப் பாட்டு யாருடையது என்று அதில் தெரியாது. அந்தப் பட்டியலைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறவர் முதல் பெயரை எல்லாப் பாட்டுக்கும் போட்டால் வேலை முடிந்தது. வாலி எழுதியதைக் கண்ணதாசன் கணக்கிலும், கண்ணதாசன் எழுதியதை வாலி கணக்கிலும் சேர்ப்பது இப்படித்தான் ஆயிரம் இடங்களுக்குப் பரவுகிறது. ஓ.டி.டி. தளங்களில் டைட்டில் ஓடும்போதே அதைத் தாண்டிப்போகச் சொல்லி ஒரு பொத்தான் வருகிறது. பெயரும் போகிறது, படத்துக்கென்று இசையமைப்பாளர் உழைத்துச் செய்த டைட்டில் இசையும் கூடவே போகிறது.

வாத்தியக் கலைஞர்களின் நிலை இதைவிட மோசம். எம்.எஸ்.விஸ்வநாதனின் பாடல்களில் அக்கார்டியன் மங்களமூர்த்தி, டிரம்ஸ் நோயல் கிராண்ட், குயிலாகவும் குழந்தையாகவும் குரல் கொடுத்தவர் சதன். இளையராஜாவின் குழுவில் பேஸ் கிட்டார் சசிதரன், கீபோர்டு விஜி மேனுவல், புல்லாங்குழல் நெப்போலியன். இவர்கள் வாசிப்பைக் கேட்காத தமிழ் வீடு இருக்காது. ஆனால் அந்தக் காலத்தில் கால்ஷீட் சம்பளத்தோடு அவர்கள் கணக்கு முடிந்தது; பெயர் எங்கும் ஏறவில்லை. 1992இல் ‘ரோஜா’வோடு வந்த ஏ.ஆர்.ரஹ்மான், தன் கேசட், சி.டி. உறைகளில் வாசித்தவர்கள், ஒலிப்பதிவு செய்தவர்கள் பெயர்களை அச்சிடும் வழக்கத்தைப் பரவலாக்கினார். ‘பம்பாய்’ தீமின் புல்லாங்குழல் நவீன் குமாருடையது என்று ஊரெல்லாம் தெரிந்தது இப்படித்தான். அந்த நல்ல பழக்கம் வேர்பிடிப்பதற்குள் உறையே ஒழிந்துவிட்டது. சில செயலிகளில் இந்தப் பெயர்களுக்கென்று இடம் இருக்கிறது, நிரப்புவார்தான் இல்லை.

இத்தனைக்கும் நடுவில் ஒரு பெரிய சந்தோஷத்தைச் சொல்லியாக வேண்டும். நான் சின்ன வயதில் கேட்டது டிரான்சிஸ்டரில். அதன் சிறிய ஒலிபெருக்கியில் பேஸ் கிட்டார் என்று ஒரு வாத்தியம் இருப்பதே தெரியாது. முதல்முதலாக நல்ல ஹெட்போன் மாட்டி எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஒன்றைக் கேட்ட ராத்திரி, பல்லவிக்குக் கீழே இன்னொருவர் தனியாக வேறொரு பாட்டுப் பாடுவதுபோல் சசிதரனின் விரல்கள் நடந்துபோவது காதில் விழுந்தது. முப்பது வருஷம் தெரிந்த பாட்டு அது. மறுபடி மறுபடி வைத்துக் கேட்டேன். பெயர் வராத அந்தக் கலைஞர்களே இப்போது வயதான காலத்தில் யூடியூப் பேட்டிகளில் உட்கார்ந்து, எந்த இன்டர்லூடில் எந்த இடத்தில் தாங்கள் வாசித்தோம் என்று வாசித்தே காட்டுகிறார்கள். இந்தப் பாக்கியம் மாமாவுக்கு இல்லை.

இனி, ரசிகர்கள் பி.ஜி.எம். என்றும் கோடம்பாக்கம் ரீ-ரெக்கார்டிங் என்றும் சொல்லும் பின்னணி இசை. மற்ற நாடுகளில் திரையிசை என்றால் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். நம்மிடம் பாட்டு முன்னால் வந்து நின்றுகொண்டதால் இது பின்னால் போனது. ஆனால் மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ (1978), ‘உதிரிப்பூக்கள்’ (1979), ‘ஜானி’ (1980) படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே வசனம் நின்றுபோன இடத்திலெல்லாம் இளையராஜா பேசுகிறார். ‘மௌன ராகம்’ (1986) படத்தின் தீம் எத்தனை கைபேசிகளில் ரிங்டோனாக இருந்தது! அதை வைத்திருந்தவர்கள் யாரும் கடையில் காசு கொடுத்து வாங்கியதில்லை. யாரோ ஒரு ரசிகர் படத்தின் வி.சி.டி.யிலிருந்து வசனம் இல்லாத இடமாகப் பார்த்து வெட்டித் தந்ததுதான்.

ஏன் வெட்ட வேண்டியிருந்தது? வியாபாரம் ஒரு காரணம். இசை நிறுவனம் பாடல்களை வாங்குவது படம் வருவதற்கு முன்பு. பாட்டே படத்துக்கு விளம்பரம். ரீ-ரெக்கார்டிங் நடப்பதோ எல்லாம் முடிந்த பிறகு, பல சமயம் வெளியீட்டுக்குச் சில நாள் முன்னால். அதுவும் முழு இசையாக இருக்காது. இந்தக் காட்சிக்கு நாற்பது விநாடி, அந்தக் காட்சிக்கு ஒன்றே கால் நிமிடம் என்று துண்டு துண்டாக இருக்கும். அதை ஆல்பமாகத் தொகுக்க யாராவது உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். படம் ஓடி முடிந்த பிறகு அதற்குச் செலவு செய்ய மனம் வருவதில்லை.

தொழில்நுட்பம் இன்னொரு காரணம். அந்நாளில் வசனம், சத்தங்கள், இசை மூன்றையும் தனித்தனியே பதிந்து, கடைசியில் மோனோவாக ஒரே தடத்தில் கலந்து பிலிமின் ஓரத்தில் ஏற்றிவிடுவார்கள். கலந்ததைப் பிரிக்க வழியில்லை. தனியே இருந்த இசை டேப்பை அழித்து அடுத்த வேலைக்கு எடுத்துக்கொள்வதும் உண்டு. டேப் விலை கூடிய சரக்கு. தொண்ணூறுகளுக்குப் பின் பல தட ஒலி வந்தபோது ரசிகர்கள் ஒரு சாவியைக் கண்டுபிடித்தார்கள். 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும். டி.வி.டி.யை எடுத்து அந்த நடுத் தடத்தை மட்டும் அணைத்தால், மிச்சத் தடங்களில் இசை ஓரளவு தனியாக நிற்கும். இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருள் மோனோவையே பிரித்துத் தருகிறது. பிரித்த இசை கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் சற்று மங்கி ஒலிக்கும். இருந்தாலும், வசனத்துக்கடியில் நாற்பது வருஷம் புதைந்து கிடந்த வயலின்கள் மேலே வரும்போது ரோமம் சிலிர்க்கிறது. கூலி இல்லாமல் ராத்திரி கண்விழித்து இதைச் செய்கிறவர்களை நான் நூலகர்களாகவே மதிக்கிறேன்.

முறையாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு மிஷ்கினின் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ (2013) உதாரணம். படத்தில் பாட்டே கிடையாது. இளையராஜாவின் பெயருக்கு ‘முன்னணி இசை’ என்று போட்டார் மிஷ்கின். அந்த இசை ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் பெயரோடு ஆல்பமாகவும் வந்தது. அதற்கும் முன்பு, ‘ஹவ் டு நேம் இட்’ (1986) என்கிற தனி ஆல்பத்தின் இசையைப் பாலுமகேந்திரா தன் ‘வீடு’ (1988) படத்துக்குப் பயன்படுத்தினார். அந்தப் படத்தின் இசையை இன்றும் தெளிவாகக் கேட்க முடிகிறது. அதற்குக் காரணம், அது முதலில் ஆல்பமாகப் பிறந்ததுதான்.

நேற்று இருந்த பாட்டு இன்று செயலியில் மங்கிப்போய், தொட்டால் ஒலிக்காமல் கிடப்பதையும் பார்த்திருப்பீர்கள். ஒரு பாட்டுக்குள் குறைந்தது மூன்று உரிமைகள் இருக்கின்றன. வரி, மெட்டு, பதிவான ஒலி. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், சம்பளம் கொடுத்து எழுத வைத்த தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், தியேட்டருக்கு வெளியே பாட்டு பயன்படும்போது வரும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள பங்கை அவர்களே நினைத்தாலும் பிறருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி செய்தது. நல்ல மாற்றம். ஆனால் பழைய ஒப்பந்தங்கள் கைமாறிக் கைமாறி, கேசட் காலத்துக் கம்பெனிகள் மூடப்பட்டு, ஒரே பாட்டு இரண்டு மூன்று பேர் பெயரில் கிடக்கிறது. நிறுவனத்துக்கும் செயலிக்கும் ஒப்பந்தம் முடிந்தால் ஒரே ராத்திரியில் நூற்றுக்கணக்கான பாட்டுகள் மறையும்.

‘குணா’வில் (1991) வந்த ‘கண்மணி அன்போடு’ பாட்டை 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ மலையாளப் படம் திரும்பக் கொண்டுவந்தபோது தியேட்டரில் கைதட்டல் ஓய நேரமானது. இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது; ஒலி உரிமை வைத்திருப்பவர்களிடம் முறையாக அனுமதி வாங்கியதாகத் தயாரிப்புத் தரப்பு சொன்னது. அடுத்த ஆண்டு ‘குட் பேட் அக்லி’யில் அவர் பாடல்களைப் பயன்படுத்த சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. படைத்தவர் பங்கு கேட்பதைப் பேராசை என்று சொல்லும் ரசிகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ‘லப்பர் பந்து’ (2024) பார்த்துவிட்டு வந்த பத்து வயதுப் பையன், ‘பொன்மனச் செல்வன்’ (1989) பாட்டைத் தெருவில் பாடிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தேன். அந்த வழியும் அடைபடக் கூடாது.

காலம் கடந்தால் விடுதலை கிடைக்குமா? ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவர் மறைந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981இல், எம்.எஸ்.வி. 2015இல். அவர்கள் சேர்ந்து செய்த ஒரு பாட்டில் ஒலி இப்போதே பொதுச் சொத்தாகியிருக்கலாம். வரி 2041 முடிய, மெட்டு 2075 முடியக் காத்திருக்க வேண்டும்.

கிடைக்கிற பாட்டும் அசல்தானா என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. பதிப்புரிமைக் கண்காணிப்பில் சிக்காமல் இருக்க அரை ஸ்ருதி ஏற்றி இணையத்தில் போடுகிறார்கள். அதையே கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு டி.எம்.எஸ். குரல் மெல்லிசாகப் பதிந்துவிடுகிறது. ‘மேம்படுத்திய’ பதிப்பு என்று தபேலாவுக்கு மேல் புது டிரம்ஸை ஏற்றுகிறார்கள். ‘அன்பே வா’ (1966) படத்தின் ‘புதிய வானம்’ பாட்டில், இசைத்தட்டில் ‘உதய சூரியன்’ என்று இருந்தது, தணிக்கைக்குப் பின் படத்தில் ‘புதிய சூரியன்’ ஆனது. எம்.ஜி.ஆர். அப்போது தி.மு.க.வில் இருந்தார், அந்தக் கட்சியின் சின்னம் அது. ஒரு சொல்லில் ஓர் ஆண்டின் அரசியலே இருக்கிறது. இரண்டு பதிப்பையும் வைத்திருந்து, எது எது என்று எழுதியும் வைத்தால்தான் அது வரலாறாக நிற்கும்.

இப்போது குரலுக்கே இந்தக் கவலை வந்துவிட்டது. மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் குடும்பத்தாரின் அனுமதியோடும் ஊதியத்தோடும் ‘லால் சலாம்’ (2024) பாட்டில் ரஹ்மான் பயன்படுத்தினார். அக்கா பவதாரிணியின் குரலை ‘கோட்’ படத்தில் யுவன் திரும்பக் கொண்டுவந்தார். கேட்டுச் செய்தவை அவை. கேட்காமல், எஸ்.பி.பி. பாடாத பாட்டை எஸ்.பி.பி. குரலில் செய்து தினம் ஒன்று உலவ விடுகிறார்கள். பெயர் விவரம் ஒழுங்காக இல்லாத ஒரு களஞ்சியத்தில், இன்னும் இருபது வருஷம் கழித்து எது அவர் பாடியது என்று யார் பிரித்துச் சொல்வார்கள்?

போன மாதம் மாமாவின் நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு, மூத்த கலைஞர்களின் பேட்டிகளை இரண்டு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். அக்கார்டியன் என்று எழுதி நிறுத்தியிருந்த இடங்களில் மூன்றில் பென்சிலால் பெயர் எழுத முடிந்தது. மாமாவின் கேள்விக்குறியை அழிக்கவில்லை, பக்கத்திலேயே எழுதினேன். புல்லாங்குழல் பத்தொன்பது இடத்தில் இருக்கிறது. அவற்றில் ஒன்றுகூட இன்னும் நிரம்பவில்லை.